களக்கணக்கெடுப்பின் வினாக்களை மாற்றும் முறை
பழைய பதிவுகள் அழியாது காத்தல்

பயிர்ச்செய்கை விபரங்களைக் கடதாசியில் எழுதுவதற்குப் பதிலாகக் கைபேசியில் பதிவுசெய்யும் வழக்கம் இக்காலத்தில் பரவி வருகின்றது. இலங்கையின் 2024ஆம் ஆண்டுக் குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பிலும் கைக்கணினிகள் பயன்படுத்தப்பட்டன. கமக்காரர் அமைப்புகளும் கோபோ ரூல்பொக்ஸ், ஓ.டி.கே. போன்ற செயலிகளைக் கொண்டு தமது அங்கத்தவரின் நிலம், பயிர், விளைச்சல் ஆகியவற்றைத் தாமே பதிந்துகொள்ளலாம்.

ஆயின், போகத்துக்குப் போகம் வினாக்களை மாற்ற நேரிடும். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் அத்தடை நீக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பெற்ற விளைச்சலை ஒப்பிட விரும்புவோருக்குச் சேதனப் பசளை பற்றிய புதிய வினாவும் வேண்டும். பழைய விளைச்சற் கணக்கும் வேண்டும். புதியதைச் சேர்க்கும்போது பழையதை இழப்பின் ஒப்பீடு எங்ஙனம் கைகூடும்? எனவே பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுக.

1. மாற்றத்துக்கு முன், எல்லாக் கைபேசிகளிலும் அனுப்பப்படாதிருக்கும் பதிவுகளை அனுப்பிவிடுக. பின்பு பதிவுகள் முழுவதையும் இறக்கி, இரண்டு வெவ்வேறு இடங்களிற் பிரதி வைத்துக்கொள்க.

2. ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, திரையில் நாம் வாசிக்கும் வாசகம். மற்றொன்று, கணினி அறியும் தரவுப் பெயர். காணியை ஊரார் எப்பெயராலும் அழைக்கலாம். உறுதியில் உள்ள பெயரே உரிமையை நிலைநாட்டும். அதுபோல, வாசகத்தைத் திருத்தலாம். தரவுப் பெயரை மாற்றலாகாது. மாற்றினால் பழைய விடைகள் ஒரு நிரலிலும் புதியவை வேறொரு நிரலிலும் பிரிந்து நிற்கும்.

3. ஒரே பெயரின் கீழ் அளவை மாற்றலாகாது. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஏறக்குறைய 40 பரப்பு ஒரு ஹெக்டேயர். பரப்பிற் பதிந்த வினாவை ஹெக்டேயராக மாற்றினால், 8 பரப்புத் தோட்டம் 8 ஹெக்டேயராக, அதாவது ஏறத்தாழ 20 ஏக்கராகத் தோன்றும். நெல்லுக்கான பசளை மானியம் ஹெக்டேயர்க் கணக்கில் வழங்கப்படுவதால் இப்பிழை சிறிதன்று. ஹெக்டேயருக்கென வேறொரு வினாவைப் புதிதாகச் சேர்க்க. எண்ணாக விடை பெற்ற வினாவை எழுத்து வினாவாக மாற்றுதலும் கூடாது.

4. விடைப் பட்டியலிற் புதியவற்றைச் சேர்க்கலாம். பழைய விடைகளை நீக்குதலோ, அவற்றின் குறியீட்டை வேறொரு பயிருக்கு வழங்குதலோ கூடாது. வெங்காயத்துக்கு உரிய குறியீட்டை மிளகாய்க்கு அளித்தால், சென்ற போகத்து வெங்காயம் யாவும் மிளகாயாகிவிடும்.

5. வேண்டாத வினாவைப் படிவத்திலிருந்து எடுத்தாலும் அதன் பழைய விடைகள் சேமிப்பில் இருக்கும். கோபோவிற் பதிவுகளை இறக்கும்போது, எல்லாப் பதிப்புகளின் வினாக்களையும் சேர்க்கும் தெரிவை இடுக. ஆனால், பழைய திட்டத்தையே அழித்துவிட்டுப் புதியதொன்றை ஆரம்பித்தல் பெருந்தவறு. அதனோடு பதிவுகளும் அழியும்.

6. புதிய வினாவுக்குப் பழைய பதிவுகளில் விடை இராது. அவ்வெறுமையைப் பூச்சியமெனக் கொள்ளற்க. கேட்கப்படாதது வேறு, இல்லாதது வேறு.

7. திருத்திய படிவத்துக்குப் புதிய பதிப்பு இலக்கம் இட்டு, திகதியையும் மாற்றத்தின் காரணத்தையும் ஒரு கொப்பியில் எழுதுக. முதலில் இரண்டொரு தோட்டங்களிற் பரீட்சித்து, விடைகள் உரிய நிரல்களில் விழுவதைக் கண்டபின் ஏனைய கைபேசிகளுக்கு வழங்குக.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இன் பின்னர் 2012 வரை முழுமையான குடிசனத் தொகைமதிப்பு நடைபெறவில்லை. அவ்விடைவெளியை இன்று எவராலும் நிரப்ப இயலாது. அறுத்து விற்றுத் தீர்ந்த போகத்தின் விளைச்சலை மறுபடி அளக்கவும் முடியாது. ஆதலின், விதைநெல்லைக் காப்பதுபோலப் பழைய பதிவுகளையும் கமக்காரர் காத்துக்கொள்வாராக.