முதலிடம் எந்தப் பாட்டுக்கு?



டிசம்பர் கடைசி வந்தாலே எஃப்.எம்.மில் 'இந்த ஆண்டின் டாப் 10' ஆரம்பிச்சிடும். லீவு முடிந்து வந்ததும் வகுப்பில் ஒரே சண்டைதான். "எங்க பாட்டுக்கு எப்படிடா நாலாவது இடம்?" என்று ஒருத்தன் குதிப்பான். சரி, இந்த இடங்களை எப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்? பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தால் விளங்கிவிடும்.

1952-இல் அமைச்சரான பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றேபோனது. பாட்டுப் பிரியர்கள் விடுவார்களா? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். நம் தாத்தா, பாட்டி தமிழ்ப் பாட்டுக் கேட்ட அதே கொழும்பு நிலையம்தான்! அங்கே 1952 டிசம்பர் 3 அன்று தொடங்கிய இந்தி நிகழ்ச்சி 'பினாகா கீத்மாலா'. பினாகா என்பது ஒரு பற்பசையின் பெயர். அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்வார். ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும்.

முதலில் அது ஒரு போட்டி. ஏழு பாட்டுகளைக் கலைத்துப்போட்டு ஒலிபரப்புவார்கள். சரியான வரிசையை எழுதி அனுப்பினால் 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம்! பிறகு வாரத்துக்கு 65,000 வரை குவிந்ததாம். யார் பிரித்துப் படிப்பது? அதனால் போட்டியை விட்டுவிட்டு, பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கினார்கள்.

எதை வைத்து? இசைத்தட்டுக் கடைகளில் எந்தத் தட்டு அதிகம் விற்றது என்று கேட்டார்கள். அதில் ஒரு சிக்கல். கடையில் தட்டு தீர்ந்துபோனால் விற்பனை பூஜ்யம். பாட்டோ ஊரெல்லாம் முணுமுணுக்கப்படும்! எனவே நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பல வாரம் பட்டியலில் நிலைத்த பாட்டுக்கு 'சர்தாஜ்' என்று பட்டம் சூட்டி, புதுப் பாட்டுக்கு இடம் விட்டு ஓய்வு கொடுத்தார்கள்.

ஆண்டுப் பட்டியலுக்கு வாராவாரம் கிடைத்த புள்ளிகளைக் கூட்ட வேண்டும். நாமே ஒரு கணக்குப் போடலாம். முதலிடத்துக்கு 10 மார்க், ஆறாம் இடத்துக்கு 5 மார்க் என்று வைத்துக்கொள்வோம்.

* 5 வாரம் முதலிடம்: 5 x 10 = 50
* 20 வாரம் ஆறாம் இடம்: 20 x 5 = 100

ஒருமுறைகூட முதலிடம் வராத பாட்டு ஜெயித்துவிட்டது பார்த்தீர்களா! நவம்பரில் வந்த பாட்டின் கதி இன்னும் பாவம். அது எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் ஏழெட்டு வார மார்க்தான் கிடைக்கும். வருஷக் கடைசியில் பள்ளியில் சேர்ந்த பையனை எல்லாத் தேர்வு மார்க்கையும் கூட்டி ரேங்க் போட்ட மாதிரி!

ஆகவே நண்பர்களே, 'முதலிடம்' என்று யார் அறிவித்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எதை எண்ணினார்கள்? எத்தனை நாள் எண்ணினார்கள்? பதில் தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். மீதிச் சண்டைக்கு ஒரே மருந்து: பத்தாம் இடம் வந்தாலும் நமக்குப் பிடித்த பாட்டு பிடித்த பாட்டுதான்!

துணுக்கு: கீத்மாலா 1989-இல் விவித் பாரதிக்கு மாறியது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மறைந்தார்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு