நோகாத கடிவாளம்

கடிவாளம் என்னும் சொல் நம் மொழியில் அடக்குதலைக் குறிக்கும் உவமையாகவே பெரிதும் வழங்கி வருகின்றது. மனத்திற்குக் கடிவாளம் இடுக என்கிறோம். நாவிற்குக் கடிவாளம் வேண்டும் என்கிறோம். ஆயின், அதனை மெய்யாகவே அணிந்து நிற்கும் குதிரைக்கு அஃது எங்ஙனம் இருக்கின்றது என்று எண்ணுவோர் மிகச் சிலரே. குதிரையை நோவச் செய்யாத கடிவாளம் எவ்வாறு அமைக்கப்படுகின்றது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

கடிவாளம் என்பது ஒரு வார் அன்று. பல வார்கள் கூடியதொரு கட்டு. காதுகளுக்குப் பின்னே உச்சியிற் கிடப்பது தலைவார். காதுகளுக்கு முன்னே செல்வது நெற்றிவார். இருபுறமும் இறங்கி வாயிரும்பைத் தாங்குவன கன்னவார்கள். மூக்கைச் சூழ்வது மூக்குவார். தொண்டையருகே தளர்ந்து நிற்பது தொண்டைவார். ஏறினவன் கையிற் பற்றுவது கைவார்.

இவை கிடக்கும் இடங்கள் பெரும்பாலும் சதைப்பற்றுக் குறைந்தவை. உச்சியில் தோலுக்கு அடியிலேயே எலும்பு உளது. காதின் அடியோ மெல்லிய குருத்தெலும்பால் ஆயது. கன்னத்தில் முகநரம்பு தோலை ஒட்டியே ஓடுகின்றது. மூக்கெலும்பு கீழே செல்லச் செல்ல மெலிந்து கூராய் முடிகின்றது. அன்றியும், குதிரை மூக்கால் அன்றி வாயால் மூச்சுவிட மாட்டாத விலங்கு. மூக்குவார் தாழ்ந்து கிடந்து மென்பகுதியை நெருக்குமாயின் மூச்சே தடைப்படும். ஆதலின், கன்னத்திற் புடைத்துத் தெரியும் எலும்பு வரம்பிற்கு ஏறக்குறைய இருவிரல் கீழே அது கிடத்தல் வேண்டும் என்பர். கடிவாளம் செய்வோன் தோலை அறியுமுன் குதிரையின் தலையை அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள வால்சால் ஒன்று. அவ்வூர்க் கால்பந்துக் கழகத்திற்குச் சேணக்காரர் என்பதே பட்டப்பெயர். 1988-ஆம் ஆண்டில் அங்குத் தோற்பொருட்காட்சிச் சாலை ஒன்றும் திறக்கப்பட்டது. கடிவாளத்திற்கு ஏற்றது மரப்பட்டை முதலிய தாவரச் சரக்குகளாற் பதனிட்ட மாட்டுத்தோல். அதிற் கொழுப்பும் எண்ணெயும் மெழுகும் ஏற்றி, வலிவும் நெகிழ்வும் ஒருங்கே அமையச் செய்வர். பின்னர் முதுகுப்பகுதியின் உறுதியான தோலை நீளவாட்டில் வார்களாக அறுப்பர். விளிம்பின் கூரைச் சீவி, சாயமிட்டு, வழுவழுப்பாகத் தேய்ப்பர். இது வெறும் அழகிற்கு அன்று. சீவாத விளிம்பு கத்திபோல் தோலை அறுக்கும்.

இனி மெத்தை வைக்கும் வகையைக் கூறுவாம். ஒரே பளுவைக் குறுகிய வாரிலும் அகன்ற வாரிலும் தொங்கவிட்டால், அகன்ற வார் குறைவாகவே அழுத்தும். எனவே, தலைவாரை அகலமாக வெட்டி, காதின் அடியில் மட்டும் உள்வாங்கிக் குடைந்துவிடுவர். அதன் உட்புறத்தில் அழுத்திய கம்பளியையோ மென்மையான ரப்பர்ப் பஞ்சையோ பரப்பி, மேலே மெல்லிய ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ போர்த்துத் தைப்பர். மூக்குவாருக்கும் இவ்வாறே செய்வர். மெழுகேற்றிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் செலுத்துவது கைத்தையலின் முறை. ஒரு தையல் அற்றாலும் அடுத்தது உடனே அவிழாது. முடிச்சும் மடிப்பும் குதிரையின் தோலில் உறுத்தாதபடி பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

நிற்க. மெத்தை ஒன்றே போதுமோ எனின், போதாது. இறுகக் கட்டிய வாரின்கீழ் மெத்தையைப் புகுத்தி முன்போல் அதே துளையில் மாட்டினால், மெத்தையின் கனமே நெருக்கத்தை மிகுவிக்கும். மென்மை என்பது பொருளில் மாத்திரம் அன்று, அளவிலும் உளது. மூக்கெலும்பிற்கும் வாருக்கும் இடையே இருவிரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. விரல்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுதலின், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-ஆம் ஆண்டில் போட்டிகளுக்கென ஓர் அளவுகருவியையே ஏற்படுத்தியது.

அளவு தவறுவது அறியாமையால் மட்டும் அன்று, பகட்டாலும் தவறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், வண்டிக் குதிரைகளின் தலை நிமிர்ந்து நிற்பதே அழகு எனக் கருதி, தலையைத் தாழ்த்த இயலாதபடி ஒரு வாரால் இழுத்துக் கட்டினர். மேட்டில் பாரம் இழுக்கும் குதிரைக்குத் தலையைத் தாழ்த்தினால்தான் வலிமை உண்டாகும். ஆன்னா சூவெல் என்னும் அம்மையார் 1877-இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’ என்னும் கதையில், குதிரையே தன் வரலாற்றைச் சொல்வதாக அமைத்து இக்கொடுமையைக் கண்டித்தார். அவ்வாரில் எத்துணை மெத்தை வைத்திருப்பினும் அத்துன்பம் தீர்ந்திராது.

குதிரை தன் நோவைச் சொல்லாது. தலையை உதறும், காதைத் தொடவிடாது, வாயைத் திறக்க முயலும். அதனைக் குறும்பு என்று கொண்டு வாரை மேலும் இறுக்குவோன் அதன் மொழியை அறியாதவன். ஒரு துளை தளர்த்திப் பார்ப்பவனே அதனை அறிந்தவன். அவன் கையிற் சேரும்போதுதான் தொழிலாளி வைத்துத் தைத்த மெத்தை பயன்படும்.