எல்லை தாண்டாத குழந்தை

9.1.2015 வரை இங்கு அடைக்கலம் புகுந்து பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா பற்றிய தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கி மத்திய சர்க்கார் 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது முதல், ‘முகாம் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதே, இனி அவர்கள் மனத்துக்கு என்ன குறை?’ என்று கேட்கும் கடிதங்கள் நின்றபாடில்லை. கிடைக்கவில்லை. வழக்குத் தொடரமாட்டோம் என்பது வேறு, நீ எம் பிரஜை என்பது வேறு.

அகதிக் குழந்தையின் மனநலம் என்றதும் யுத்த பயங்கரத்தையே பேசுவது வழக்கமாயிருக்க, தமிழக முகாம்களில் இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோரோ யுத்தத்தைக் காணாமல் இங்கேயே ஜனித்தவர்கள். இவர்களை வாட்டுவது ஒரு தேதிக் கணக்கு. 1.7.1987-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிரஜை, அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாயிருக்க வேண்டும், 3.12.2004 முதலோ, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாகவும் இருத்தலாகாது. ஆகவே உள்ளூர்ப் பெண்ணொருத்தி முகாம் வாலிபனை மணந்து, உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே பெற்றெடுத்த பிள்ளைக்கும் தாயின் பிரஜாவுரிமை இறங்குவதில்லை. படகில் வந்தவரை மண்டபம் முகாமில் தானே பதிந்து, பணக்கொடையும் அரிசியும் அளந்துவரும் சர்க்கார், அவரையே சட்டவிரோதமானவர் என்னும் விசித்திரத்தை என்னென்பது! 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு வழிகண்டு, 2024-இல் வாக்கும் அளித்தார்; ஈராண்டு பிந்திப் பிறந்தவருக்கு அவ்வழி இல்லை.

முகாமில் ‘செக்கிங்’ நாளன்று ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பேரேட்டைத் திறந்து தலையெண்ணும்போது தாயின் முந்தானையைப் பற்றி நிற்கும் சிறுவனுக்கு இதெல்லாம் விளங்காது. சத்துணவும் சீருடையும் எல்லோரையும் போலவே பெற்று வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, விண்ணப்பத்தில் ‘நேஷனாலிட்டி’ என்ற கட்டத்தருகே பேனாவை நிறுத்தும்போதுதான் விளங்கும். யுத்தபீதி காலத்தால் தணியலாம். இது வயது ஏற ஏற முதிர்வது. ஆலோசகர் ஆறுதல் சொல்லலாம், கட்டத்தை நிரப்ப அவராலாகாது.

2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்களே? பலகை மாறிற்று, வீடுகளும் சில எழுந்தன. சட்ட ஸ்திதி மாறவில்லை.

2019-இன் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம்? அதில் இலங்கை இல்லை.

2022-இல் இலங்கையிலிருந்து தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்கள்? 2025 செப்டம்பர் விலக்குக்கும் புறம்பானவர்கள்.

ஊர் திரும்பலாமே? அப்பாவின் ஊர் அது.

முகாமிலுள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தவராயின், பிறப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், பிள்ளைகளின் வழக்குக்கும் அதுவே முதல் ஆதாரம்.