இதயம் திடீரென நின்றால்... மார்பு அழுத்தத்தைச் சரியாகச் செய்வது எப்படி?

இதயத் துடிப்பு திடீரென நின்று ஒருவர் மயங்கி விழும்போது, ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரையிலான நிமிடங்களே அவரது உயிரைத் தீர்மானிக்கின்றன. முதலுதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அந்த நிமிடங்களில் மூளைக்கு ரத்தம் செல்ல உதவுவது சிபிஆர் சிகிச்சையின் மார்பு அழுத்தம்தான்.

பயிற்சி பெறாத பொதுமக்கள், வாய்வழி மூச்சு கொடுக்காமல் மார்பை மட்டும் அழுத்தும் முறையைப் பின்பற்றலாம் என இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

எப்போது தொடங்குவது?

தோளைத் தட்டி அழைத்தும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் உடனே தொடங்க வேண்டும். விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சை இயல்பான சுவாசமாகக் கருதிக் காத்திருக்கக் கூடாது. அருகில் இருப்பவரை 112 அல்லது 108 எண்ணை அழைக்கச் சொல்ல வேண்டும்.

செய்முறை

பாதிக்கப்பட்டவரை மெத்தையில் அல்லாமல் உறுதியான தரையில் மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கைகளை மடக்காமல், உடல் எடையைப் பயன்படுத்தி 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுமையாக மேலெழ விடுவதைத்தான். அழுத்தும்போது இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிறது. விடும்போதுதான் மீண்டும் நிரம்புகிறது. மார்பின் மீது சாய்ந்தபடியே அழுத்தினால் இதயம் போதிய அளவு நிரம்பாது.

இடைநிறுத்தமும் ஆபத்தானதே. நிறுத்தியவுடன் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்; அதை மீண்டும் உயர்த்தப் பல அழுத்தங்கள் தேவைப்படும். சோர்வு ஏற்பட்டால் ஆழம் குறையும் என்பதால், 2 நிமிடங்களுக்கு ஒருமுறை வேறொருவர் பொறுப்பேற்பது நல்லது. அந்த மாற்றம் 10 விநாடிகளுக்குள் முடிய வேண்டும்.

விலா எலும்பு முறியுமோ என்ற அச்சத்தில் பலர் மெதுவாக அழுத்துகின்றனர். எலும்பு முறிந்தாலும் பின்னர் குணமாகும். ரத்தம் கிடைக்காத மூளை மீள்வது கடினம்.

குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் செயற்கை சுவாசமும் அவசியம். எனினும் அது தெரியாதவர்கள், எதுவும் செய்யாமல் நிற்பதைவிட மார்பை அழுத்துவதே மேல். மருத்துவக் குழு வரும்வரை அல்லது அவர் கண்விழித்து இயல்பாக மூச்சுவிடும்வரை இதைத் தொடர வேண்டும்.