சிறு தொலைநோக்கியில் சிக்கிய விண்மீன் மண்டலம்

புதிய விண்மீன் மண்டலங்களைக் காண்பது பெருந்தொலைநோக்கிகளுக்கே உரிய பணி எனப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று என்பதை 2016-ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த அமெச்சூர் வானியலாரான ஜியூசெப்பே டோனட்டியெல்லோ மெய்ப்பித்தார். தெற்கு இத்தாலியின் பொல்லினோ மலைப்பகுதியில், 127 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் 2010, 2013-ஆம் ஆண்டுகளில் எடுத்த படங்களை அவர் மீண்டும் ஆராய்ந்தார். ஆண்ட்ரமீடா உடுக்கூட்டத்தில், மிராக் என்னும் விண்மீனிலிருந்து ஏறத்தாழ 1 பாகை தள்ளி, மங்கிய கறையொன்று புலப்பட்டது.

இத்தகைய கறையின் ஒளி, இருண்ட வானத்தின் இயல்பான ஒளியினும் குறைந்தது. ஆதலின் ஒரே பகுதியைப் பன்முறை படம்பிடித்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்பர். மண்டலத்தின் ஒளி நிலைத்து நிற்கும். படத்துக்குப் படம் மாறும் இரைச்சல் தேயும். 16 படங்களால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். எட்டில் ஒரு பங்காக்க 64 படங்கள் வேண்டும்.

அதற்கு முன் இரு திருத்தங்கள் இன்றியமையாதன. தொலைநோக்கியை மூடி, அதே வெப்பநிலையில் அதே கால அளவுக்கு எடுத்த இருட்படத்தைக் கழித்தால், கருவி தானே தோற்றுவிக்கும் புள்ளிகள் நீங்கும். சீராக ஒளியூட்டிய பரப்பின் படத்தால் வகுத்தால், தூசியின் நிழலும் ஓரங்களின் மங்கலும் சமன்படும்.

அதன் பின்னும் ஐயம் முற்றும் அகலாது. பிரகாசமான விண்மீனின் ஒளி வில்லைகளில் தெறித்துப் பொய்க்கறை உண்டாக்கலாம். மிராக்கோ மிக அருகிலிருந்தது. லா பால்மா தீவின் பெருந்தொலைநோக்கிகள் அக்கறையைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டிய பின்னரே, 2018-இல் அது குறுமண்டலமென ஏற்கப்பட்டு, 'டோனட்டியெல்லோ 1' எனப் பெயர் பெற்றது.

மூலப் படங்களை அழியாது காத்து, மறுமுறை ஆராய்வதன் பயனை மாணவர்க்கு உணர்த்த இஃது ஏற்ற சான்றாகும்.