டாக்சி மீட்டரில் ஒரு கணிதப் பாடம்: ஆசிரியர் பயிற்சியில் கவனிக்கப்படாத பகுதி

மும்பை: தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாட்டுங்கா பகுதியில், கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்திலிருந்து டாக்சியில் ஏறும் மாணவனின் கண்ணெதிரே ஒரு கணிதப் பாடம் ஓடுகிறது.

2025 பிப்ரவரி 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, கறுப்பு-மஞ்சள் டாக்சியில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு ரூ.31. அதன் பிறகு கிலோமீட்டருக்கு ரூ.20.66. அரை கிலோமீட்டர் சென்றாலும் ரூ.31, ஒரு கிலோமீட்டர் சென்றாலும் ரூ.31. தூரத்தைச் சொன்னால் கட்டணம் ஒன்றுதான். ஆனால், கட்டணம் ரூ.31 என்று மட்டும் சொன்னால் தூரத்தைக் கூற இயலாது.

இத்தகைய தொடர்பையே கணிதம் "சார்பு" என்கிறது. தமிழகப் பாடநூலில் 10-ம் வகுப்பிலும், என்.சி.இ.ஆர்.டி. நூலில் 11-ம் வகுப்பிலும் இது தனிப் பாடமாக வருகிறது. எனினும், மாறிகள், நேர் மாறல், வரைபடம் என்று அதற்கான அடித்தளம் நடுநிலை வகுப்புகளிலேயே இடப்படுகிறது.

சிக்கலும் அங்குதான் தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ரூ.31 எனில், இரண்டு கிலோமீட்டருக்கு ரூ.62 என்று மாணவன் எழுதக்கூடும். சரியான விடை சுமார் ரூ.41. விடை தவறு என்று குறியிடுவது எளிது. எல்லாத் தொடர்பும் நேர் மாறலே என அவன் கருதுவதைக் கண்டறிந்து, முதலில் கிடைமட்டமாகச் சென்று பின்னர் உயரும் கோட்டை வரையச் செய்து, அவனே திருத்திக்கொள்ள வழிகாட்டுவது அரிது. "ஒரே சூத்திரத்தில் எழுத முடியாதது எப்படிச் சார்பாகும்?" என்று அவன் கேட்டால், அதற்கும் ஆசிரியரிடம் விளக்கம் இருக்க வேண்டும்.

இதற்குப் பட்டப்படிப்புக் கணிதம் மட்டும் போதாது. பொதுவான கற்பித்தல் முறைகளும் போதா. பாடத்தையும், அதை மாணவர் புரிந்துகொள்ளும் விதத்தையும் இணைக்கும் இந்தத் தனி அறிவை 1986-ல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் சுட்டிக்காட்டினார். ஆசிரியப் பணிக்குப் பயில்வோரிடையே ரூஹமா ஈவன் நடத்தி 1993-ல் வெளியான ஆய்வில், சார்பு என்றாலே சூத்திரம் என்ற எண்ணம் அவர்களில் பலரிடமும் காணப்பட்டது.

இந்தியாவிலும் இக்கவலை புதிதல்ல. 1974-ல் தொடங்கப்பட்டு, தற்போது மும்பை மான்குர்டில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், கணித ஆசிரியர்களுடன் இணைந்து ஆய்வும் பயிற்சியும் நடத்தி வந்துள்ளது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு, 2005-ம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்துக்காக அளித்த அறிக்கையில், குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மை நோக்கம் என்று வலியுறுத்தியது.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை முன்வைக்கிறது. அந்த நேரம் சுற்றறிக்கை விளக்கங்களில் கரைகிறதா, மாணவனின் தவறான விடையை ஆராய்வதில் செலவாகிறதா என்பதே கேள்வி. கிங்ஸ் சர்க்கிளை அடுத்த தாராவியில், தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பறையை விட்டால் வேறு வழியில்லை. ஆசிரியர் விளக்காமல் விட்டதை, அவர்களுக்கு வேறு எவரும் விளக்கப் போவதில்லை.