சன்னலோரத்துப் பூனை



நம் தோட்டப்புற லயன் வீடுகளில் பூனை எலியைப் பிடித்தது. பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையாகவும் இருந்தது. சன்னல் வழியே அது குதித்தால் அடுத்த நொடி மண் தரையில் நிற்கும். பின்னர், பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல, ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. பூனையும் உடன் வந்தது. ஆனால், சன்னலுக்கு வெளியே இருந்த மண் தரை இப்பொழுது நான்கு மாடிகளுக்குக் கீழே இருக்கிறது. பூனை இதனை அறியாது. நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

"பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றி நிற்கும்" என்று பெரியவர் கூறக் கேட்டிருப்போம். இதில் பாதி உண்மை உண்டு. பூனையின் உட்செவியில் உடலின் நிலையை உணர்த்தும் உறுப்பு உள்ளது. விழும்பொழுது அது முதலில் தலையைத் திருப்பும். பின்னர் முன்னுடலையும், இறுதியில் பின்னுடலையும் திருப்பும். எளிதில் வளையும் முதுகெலும்பே இதற்குத் துணை. 1894ஆம் ஆண்டில் மாரே என்னும் பிரெஞ்சு அறிவியலாளர், பூனை விழுவதை அடுத்தடுத்துப் படம்பிடித்து இதனை உலகிற்குக் காட்டினார்.

எனினும், திரும்புவது வேறு. விழும் வேகத்தைத் தாங்குவது வேறு. சிமெண்டுத் தரையில் மோதும்பொழுது கால் எலும்பு முறியலாம், தாடை பிளக்கலாம், நுரையீரல் சிதையலாம். நியூயார்க் நகர விலங்கு மருத்துவமனை ஒன்றுக்கு மாடிகளிலிருந்து விழுந்து கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. இதனைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. விழுந்த இடத்திலேயே மாண்ட பூனைகளை எவரும் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில்லை அல்லவா? அவை அக்கணக்கில் சேரவில்லை.

இத்துணை இலாவகமான விலங்கு ஏன் விழுகிறது? சுவரில் ஒரு பல்லி, வெளியே ஒரு குருவி, பறக்கும் ஒரு பூச்சி ஆகியவற்றைக் கண்டவுடன் அதன் கவனம் முழுவதும் அங்கேயே சென்றுவிடும். சன்னல் விளிம்பில் உறங்கிப் புரளும்பொழுதும் விழுவதுண்டு.

நம் நாட்டு வெப்பத்தில் சன்னலை எந்நேரமும் மூடி வைக்க இயலாது. ஆகவே, பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

1. திருடனைத் தடுக்கும் இரும்புக் கம்பி, பூனையைத் தடுக்காது. குட்டியின் தலை நுழையும் இடைவெளியில் உடலும் நுழைந்துவிடும். கம்பியின் மேல் சிறு கண்ணுடைய உலோக வலையை இறுகக் கட்ட வேண்டும்.

2. ஒட்டுப்பட்டையாலோ காந்தத்தாலோ ஒட்டிய மெல்லிய கொசுவலையை நம்பலாகாது. அது கொசுவுக்குரியது. பூனை நகத்தால் கிழிக்கும். சாய்ந்தால் வலையோடு கீழே விழும்.

3. ஏற்றி இறக்கும் கண்ணாடிப் பட்டைகள் கொண்ட சன்னலிலும் உட்புறம் வலை வேண்டும். பட்டைகளுக்கிடையே பூனை நுழையலாம், சிக்கியும் கொள்ளலாம்.

4. வலையில்லாத சன்னலருகே மேசை, நாற்காலி போடாதீர்கள்.

5. தீ விபத்தின்பொழுது மனிதர் வெளியேறும் வழியை வலையால் அடைத்துவிடக் கூடாது.

பூனை விழுந்துவிட்டால், அது எழுந்து நடந்தாலும் ஏமாறாதீர்கள். உட்காயம் வெளியே தெரியாது. துணி விரித்த அட்டைப்பெட்டியில் மெதுவாக வைத்து, உணவு ஏதும் கொடாமல், கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் முதல் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வழங்கப்பட்டது. அதனுடன், பூனை வெளியே திரியாமலும் விழாமலும் காக்கச் சன்னலுக்கு வலையிடுவதும் வலியுறுத்தப்படுகிறது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், வளர்ப்பு விலங்கை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது.

மாணவர்களே! இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொரு சன்னலாகச் சென்று பாருங்கள். உங்கள் தலைக்கு எட்டாத சன்னல் பூனைக்கு எட்டும். தளர்ந்த வலையைக் கண்டால் அப்பாவிடமோ அம்மாவிடமோ கூறுங்கள். சில முழம் வலையும் அரைநாள் உழைப்பும் போதும். நம்மை நம்பி வாழும் வாயில்லா உயிர் ஒன்று பிழைக்கும்.